வலென்சியாவில் கேட்கப்பட்ட கேள்வி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை எழுதியவர்கள் இருவர். மேடையில் நிற்பவர் ஒருவர். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். உயர்தரமும் ஒன்றாகவே எடுத்தோம். பிறகு இருவருமே நூலகத் துறைக்குள் போய் விழுந்தோம். எங்களில் ஒருவர் பல்கலைக்கழக நூலகமொன்றில் பணியாற்றுகிறார்; மற்றவர் நூலக, தகவல் விஞ்ஞானம் கற்பிக்கிறார். யார் எவர் என்று இங்கே பிரித்துச் சொல்லப் போவதில்லை. எங்களைப் பிரித்து இருத்துவதற்கு இந்தக் கல்லூரியின் ஆசிரியைகள் பலர் முயன்றார்கள். அவர்களாலேயே முடியவில்லை.

சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "ஸ்பெயின் போய் வந்தனீங்களாம், அந்தப் பயணக் கதையை வந்து சொல்லுங்கோ" என்றார். சொல்லுகிறோம். ஆனால் அங்கே எங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் இருவர் மட்டுமல்ல என்று பட்டதால்தான் இங்கே வர ஒத்துக்கொண்டோம்.

பயணத்தின் தொடக்கம் உங்களில் பலருக்குப் பழகிய கதை. அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விபரம், சம்பளச் சீட்டு, காப்புறுதி, திரும்பி வருவோம் என்பதற்கு அத்தாட்சி என்று சேர்த்துக் கட்டிய கோப்பு, நாங்கள் வாசிக்கவிருந்த ஆய்வுக் கட்டுரையைவிடத் தடிப்பாக இருந்தது. விசா கைக்கு வந்தது புறப்படுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர். கட்டுநாயக்காவில் ஏறி, டோஹாவில் மாறி, மட்ரிட்டில் இறங்கினோம். மறுநாட் காலை வேகப் புகையிரதத்தில் வலென்சியா. 350 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம், இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான தூரமும் ஏறக்குறைய அதுதான். எங்கள் றெயில் எடுக்கும் நேரத்தை இந்தச் சபைக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

வலென்சியா மத்தியதரைக் கடலோரத்து நகரம். ஊருக்கு நடுவே ஓடிய தூரியா ஆறு 1957 ஒக்ரோபரில் பெருவெள்ளமாகப் பாய்ந்து பலரைக் கொண்டுபோனது. அதன் பின்னர் ஆற்றை நகருக்கு வெளியே திருப்பிவிட்டார்கள். வறண்ட ஆற்றுப் படுக்கை இப்போது நீண்டு கிடக்கும் பூங்கா. பழைய பாலங்கள் அப்படியே நிற்க, அவற்றின் கீழே தண்ணீருக்குப் பதிலாகப் பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிறார்கள். தங்குமிடத்திலிருந்து மாநாட்டு மண்டபத்துக்கு நாங்கள் தினமும் அந்த ஆற்றுக்குள்ளால்தான் நடந்தோம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். வலென்சியா நெல் விளையும் பூமி. நகருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி வயல்கள். பயேயா என்ற அவர்களது சோறு அகன்ற, ஆழமில்லாத தட்டுச் சட்டியில் வேகும். கோழி, முயல், அவரை எல்லாம் அதிலேயே. சட்டியின் அடியில் பிடித்துக் கருகும் சோற்றுக்கு அங்கே தனிப் பெயரே உண்டு, சொகராத் என்று. விருந்தினருக்கு அதைத்தான் சுரண்டி எடுத்து வைத்தார்கள். அடிப்பிடித்த சோற்றுக்காக அம்மாமாரிடம் நாங்கள் வாங்கிய ஏச்சையெல்லாம் நினைத்துக்கொண்டே சாப்பிட்டோம்.

இனி மாநாட்டுக்கு வருவோம். எமது கட்டுரை போருக்கும் இடப்பெயர்வுக்கும் பின்னரான வடபகுதிப் பாடசாலை நூலகங்களைப் பற்றியது. அதில் நாங்கள் காட்டிய படங்களில் ஒன்று எமது கல்லூரியினுடையது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவை இங்கிருக்கும் பலர் மறந்திருக்க முடியாது. மழையில், நாவற்குழிப் பாலத்தில், ஓரடி வைத்து நின்று, மறு அடி வைத்து நின்று தென்மராட்சிக்குப் போனோம். அன்று எங்கள் நூலக ரீச்சர் தன் சைக்கிளில் இரண்டு பொருட்களைக் கட்டிக்கொண்டு போனார். ஒன்று உடுப்புப் பை. மற்றது உரப்பையில் சுற்றிய ஒரு பெரிய கொப்பி. புத்தகங்கள் வந்து சேரும்போது ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டுப் பதிகிற நூலகப் பதிவேடு அது. "புத்தகத்தைத் தூக்கேலாது பிள்ளையள், பேரையாவது தூக்குவம்" என்றாராம். 1996 இல் திரும்பி வந்தபோது நூலக அறையில் அலுமாரிகளும் இல்லை, புத்தகங்களும் இல்லை. பதிவேடு இருந்தது. கடைசி இலக்கம் 6,418.

அந்தப் பதிவேட்டின் பக்கங்களை வருடி எடுத்துத் திரையில் காட்டினோம். இலக்கம், நூலின் பெயர், ஆசிரியர், விலை, பெற்ற வழி. 'பெற்ற வழி' என்ற நிரலில் பல இடங்களில் 'அன்பளிப்பு, பழைய மாணவிகள்' என்று இருக்கிறது. சில எழுத்துக்களில் மை கரைந்திருக்கிறது. அது ஐப்பசி மழை. மண்டபம் அமைதியாக இருந்தது. நாங்கள் இருவரும் உள்ளூரப் பெருமைப்பட்டோம் என்பதை மறைக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு புதிய புத்தகங்கள் வந்ததையும், புலம்பெயர்ந்த உறவுகள் பெட்டி பெட்டியாக அனுப்பியதையும், நூற்றாண்டுக்கு இரண்டு மாடி நூலகம் கட்டத் திட்டம் இருப்பதையும் சொல்லி முடித்தோம்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். எங்களைவிட மூத்தவர், கிராமத்து நூலகர் ஒருவர். மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்: "நீங்கள் காட்டிய அறையைக் காலையில் திறப்பவர் யார்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

பதில் உங்களுக்கும் தெரியும். எமது கல்லூரி நூலகத்தின் திறப்பு அலுவலகத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. நூலகத்துக்குப் பொறுப்பான ஆசிரியைக்கு நிரம்பிய நேரசூசி. அவருக்கு ஓய்வுப் பாடவேளை வரும்போது அறை திறக்கும். பதிலாசிரியையாக வேறு வகுப்புக்குப் போகச் சொன்னால் பூட்டியிருக்கும். அதிபர் அவர்களோ அந்த ஆசிரியையோ இதற்குக் குற்றவாளிகள் அல்லர். ஆசிரிய நூலகருக்கான வெற்றிடம் நிரப்பப்படவில்லை, அவ்வளவுதான். ஆனால் எத்தனையோ வருடங்களாக இந்தத் துறையில் இருக்கும் நாங்கள் இருவரும் எமது கட்டுரையில் அதை ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. கட்டடம் எழுதினோம், அலுமாரி எழுதினோம், மென்பொருள் எழுதினோம். மேடையில் ஏதோ மழுப்பிவிட்டு இறங்கினோம்.

தேநீர் இடைவேளையில் அந்த அம்மையார் தாமாகவே வந்தார். மனம் நோகச் செய்துவிட்டேனோ என்று கேட்டார். மறுநாள் பின்னேரம் எங்களைப் பழைய நகருக்குள் அழைத்துப் போனார். அங்கே பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் இருக்கிறது, லா நாவ் என்று பெயர். நடுமுற்றத்தில் லூயிஸ் விவெஸின் சிலை. வலென்சியாவில் பிறந்த இந்த அறிஞர் 1520களிலேயே பெண்கள் கற்க வேண்டும் என்று நூல் எழுதியவர். பெண்கள் எதை வாசிக்கக் கூடாது என்பதிலும் அவருக்குத் திடமான கருத்துகள் இருந்தன. வீரதீரக் காதல் கதைகளை அடியோடு விலக்கினார். எங்கள் விடுதிப் பொறுப்பாசிரியை நினைவுக்கு வந்தார்.

உள்ளே பழைய நூலகம். 1785 இல் பெரெஸ் பயேர் என்ற அறிஞர் தம்முடைய சேகரிப்பை, ஏறத்தாழ 20,000 நூல்களை, இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1812 ஜனவரியில் நெப்போலியனின் படை நகரை முற்றுகையிட்டுக் குண்டு பொழிந்தபோது அந்த நூலகம் எரிந்து போனது. இதைக் கேட்டதும் நாங்கள் நின்றுவிட்டோம். யாழ்ப்பாணத்தார் எவரும் அப்படித்தான் நிற்பார்கள். 1981 மே 31 ஆம் திகதி இரவு எங்கள் நூலகம் எரிந்தது, 97,000 நூல்கள். குருமடத்து மாடியிலிருந்து அந்தத் தீயைப் பார்த்த தாவீது அடிகளார் அந்த இடத்திலேயே உயிர் நீத்தார். நாங்கள் அப்போது சிறுமிகள். வீட்டு முற்றத்தில் நின்றபடி, சிவந்திருந்த வானத்தைப் பெரியவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அம்மையாருக்கு அதைச் சொன்னோம். அவர் எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டார். மொழிபெயர்க்க அங்கே யாரும் இல்லை, தேவையும் இருக்கவில்லை.

எரிந்த இடத்தில் நூலகம் மறுபடி வளர்ந்திருக்கிறது. மடங்கள் மூடப்பட்டபோது அவற்றின் நூல்கள் இங்கே வந்து சேர்ந்தன. வேறு பலரும் கொடுத்தார்கள். 1474 இல் வலென்சியாவில் அச்சான, கன்னி மரியாள் புகழ்ப் பாக்களின் தொகுப்பு ஒன்று உண்டு. ஸ்பெயினில் அச்சேறிய முதல் இலக்கிய நூலாக அதைக் கருதுகிறார்கள். உலகில் எஞ்சியதாக அறியப்படும் ஒரே பிரதி இங்கேதான் இருக்கிறது.

ஆனால் அம்மையார் எங்களைக் கூட்டிவந்தது அதைக் காட்டுவதற்கு அல்ல. 1936 இல், உள்நாட்டுப் போர் தொடங்கிய வருடத்தில், இந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பொறுப்பாக வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதற்கு. அவர் பெயர் மரியா மொலினேர்.

1900 ஆம் ஆண்டு அரகோன் பகுதியில் ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். தகப்பன் ஆர்ஜென்ரீனாவுக்குப் போனவர், குடும்பத்திடம் திரும்பவில்லை. கஷ்டத்தில் படித்து, வரலாற்றில் பட்டம் பெற்று, 1922 இல் அரசின் சுவடிக்காப்பாளர், நூலகர் சேவையில் சேர்ந்தார். 1931 இல் ஸ்பெயினில் குடியரசு வந்தது. எழுத்தறிவற்ற கிராமங்களுக்குப் புத்தகம், படம், நாடகம் எல்லாம் கொண்டுபோக அந்த அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. ஒரு கிராமத்துக்கு முதலில் நூறு புத்தகங்கள். பாதையில்லாத மலைக் கிராமங்களுக்குக் கோவேறு கழுதையில் போயின. சில வருடங்களுக்குள் 5,000 க்கும் மேற்பட்ட சிறு நூலகங்கள். வலென்சியாப் பகுதியில் அந்த வேலையில் முன்னின்றவர் மொலினேர். அலுவலகத்தில் கதிரையில் இருந்து அறிக்கை வாங்கியவரல்லர். கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்தவர்.

இங்கே ஒரு சிறு விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். அதே 1931 இல்தான் சென்னையில் இரங்கநாதன் அவர்களின் நூலக விதிகள் ஐந்தும் நூலாக வந்தன. அதே வருடம் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. ஒன்றையொன்று அறியாமல் அங்கே கழுதை, இங்கே மாடு. எங்கள் மாணவர்களுக்கு மாட்டு வண்டியை வருடாவருடம் படிப்பிக்கிறோம். கழுதையைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மொலினேர் 1937 இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சிறு நூலகங்களை நடத்துவோருக்காக ஒரு வழிகாட்டி எழுதினார். புத்தகத்துக்கு இலக்கம் இடுவது, அட்டை எழுதுவது, இரவல் கொடுப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது தொடங்குவது நூலகரிடத்தில். கிராமத்து நூலகருக்கு இரண்டு நம்பிக்கைகள் வேண்டும் என்கிறார். தான் சேவை செய்கிற மக்களால் அறிவில் வளர முடியும் என்பது ஒன்று; தன்னுடைய வேலையால் ஏதோ ஒரு பலன் உண்டு என்பது மற்றது. இந்த ஊராருக்கு வாசிப்பில் நாட்டமில்லை என்று சொல்லிக்கொண்டு இருப்பவரிடம் எவ்வளவு நல்ல புத்தகத்தைக் கொடுத்தாலும் அது அலுமாரியில் கிடக்கும் என்பது அதன் சாரம். அம்மையார் இதைச் சொன்னபோது, அவர் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று விளங்கியது.

1939 இல் குடியரசு தோற்றது. வென்றவர்கள் விசாரணை வைத்தார்கள். மொலினேர் சேவை வரிசையில் 18 இடங்கள் கீழே இறக்கப்பட்டார். பேராசிரியராக இருந்த கணவர் பதவியை இழந்தார். பல வருடங்களின் பின்னரே மீண்டும் பெற்றார். கிராம நூலகங்கள் கலைந்து போயின. அவர் பிறகு மட்ரிட்டில் பொறியியற் கல்லூரி ஒன்றின் நூலகத்துக்கு வந்து, 1970 இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

ஆனால் 1952 இலிருந்து இன்னொரு வேலையையும் செய்தார். வீட்டு மேசையில், சிறு அட்டைகளில், ஸ்பானிய மொழிக்கு ஓர் அகராதி. சொல்லுக்குப் பொருள் சொல்வதோடு நிற்காமல், அந்தச் சொல்லை எப்படி, எங்கே, எதனோடு சேர்த்துப் பயன்படுத்துவது என்று சொல்லும் அகராதி. இரண்டு வருடத்தில் முடியும் என்று தொடங்கியது, பதினைந்து வருடம் போனது. 1966 இலும் 1967 இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது, ஏறத்தாழ 3,000 பக்கங்கள். நூலக வேலைக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் இடையில், தனியொருவராகச் செய்தது. நூலகர்கள் அட்டை எழுதுகிறவர்கள்தானே என்று யாராவது இனிச் சொன்னால், ஆம், அட்டைதான் எழுதுகிறோம் என்போம்.

1972 இல் அரச மொழிக் கழகத்துக்கு அவருடைய பெயர் முன்மொழியப்பட்டது. தெரிவு செய்யவில்லை. 1713 இல் தொடங்கிய அந்தக் கழகத்தில் ஒரு பெண் ஆசனத்துக்குத் தெரிவானது 1978 இல்தான், அதுவும் வேறொருவர். மொலினேரின் கடைசி வருடங்களில் நினைவு மங்கிப் போனது. 1981 ஜனவரியில் காலமானார். எங்கள் நூலகம் எரிவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்.

மாநாடு முடிந்து மட்ரிட்டுக்குத் திரும்பினோம். பிராடோ அரும்பொருளகத்துக்கு ஒரு காலை ஒதுக்கினோம். எல்லோரும் போகிற இடம், நாங்கள் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. அதற்கு அண்மையில், தாவரவியற் பூங்கா மதிலோரமாக ஏறும் ஒரு சாய்ந்த தெருவில், வரிசையாக மரத்தாலான பழைய புத்தகக் கடைகள். 1925 இல் தொடங்கியவையாம். எங்கள் சங்கத்தோடு ஏறக்குறைய ஒத்த வயது. அங்கே மொலினேரின் அகராதி இரண்டு தொகுதிகளும், முதுகு சற்றுக் கிழிந்தபடி, இருந்தன. விலை பேசினோம். பேரம் பேசுவதற்கு மொழி தேவையில்லை என்பதை எங்களில் ஒருவர் அங்கே நிரூபித்தார். பயணப் பெட்டியில் நிறை கூடிவிட்டதால் ஆளுக்கொரு தொகுதியாக மடியில் வைத்துக்கொண்டே கட்டுநாயக்கா வரை வந்தோம். விமானப் பணிப்பெண் இரண்டு முறை சிரித்தார்.

ஸ்பானிய மொழி தெரிந்த ஒருவரும் இல்லாத பாடசாலைக்கு ஏன் இந்த அகராதி என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பழைய மாணவிகளாகிய நாங்கள் பதிவேட்டில் 'பெற்ற வழி' என்ற நிரலில் ஒரு வரியாவது நிரப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டோம் என்பதைத் தவிர வேறு பதில் எங்களிடம் இல்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறோம். காலையில் திறப்பவர் யார்?

இரண்டு மாடி நூலகத்துக்காக லண்டன், ரொறன்ரோ, சிட்னி, கொழும்புக் கிளைகள் சேர்த்திருக்கும் நிதி சிறியதல்ல. அதைச் சேர்க்க நீங்கள் பட்ட பாடும், விற்ற ரிக்கற்றுகளும், சமைத்த இரவு விருந்துகளும் எங்களுக்குத் தெரியும். கீழ்த் தளம் கட்டுவோம். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. மேல் மாடியை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி, அதற்கு ஒதுக்கிய தொகையை வைப்பிலிட்டு, அந்த வட்டியில் ஒரு பயிற்சி பெற்ற நூலகரைச் சங்கமே அமர்த்த வேண்டும் என்று கேட்கிறோம். காலை ஏழரைக்குத் திறந்து, பாடசாலை விட்டு ஒரு மணித்தியாலம் கழித்துப் பூட்டும் ஒருவர். அரச நியமனம் வரும் நாளில் அந்தப் பணத்தை மாடிக்கு எடுத்துக்கொள்ளலாம். கணக்கை எழுதிப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறோம். அவர் அதில் பிழை காணவில்லை. அவர் எங்களுக்குப் படிப்பித்தது கணிதம்.

சிலர் எங்களிடம் சொல்லிவிட்டார்கள்: "கட்டடத்தில் பெயர்ப் பலகை வைக்கலாம், சம்பளத்தில் எங்கே வைப்பது?" உண்மைதான். அன்பளித்தவர்களுக்குத் தங்கள் பணத்தைக் கண்ணால் பார்க்க உரிமை உண்டு. திங்கட்கிழமை காலையில் வந்து திறந்திருக்கும் கதவைப் பாருங்கள் என்பதைவிட அதற்கு வேறு பதில் எங்களுக்குத் தோன்றவில்லை. அது போதாது என்றால் அடுத்த பொதுக்கூட்டத்தில் எங்களோடு சண்டை பிடியுங்கள். ஒரே வாங்கில் இருந்துகொண்டே பதில் சொல்லுவோம்.

அகராதித் தொகுதிகள் இரண்டும் அதிபர் அவர்களின் அறை அலுமாரியில், பழைய பதிவேட்டுக்குப் பக்கத்தில், வாங்கிய பையோடேயே இருக்கின்றன. ஐந்து நிமிடத்தில் நாங்களே இலக்கம் எழுதியிருக்கலாம். எழுதாமல் வைத்திருக்கிறோம். 1996 இற்குப் பின் வந்த புத்தகங்களுக்குப் புதிய கொப்பியில் ஒன்றிலிருந்து இலக்கம் போட்டிருக்கிறார்கள். இவை இரண்டையும் மட்டும் பழைய பதிவேட்டிலேயே, 6,418 க்குக் கீழே, வரப்போகும் நூலகர் தன் கையால் பதியட்டும் என்று அதிபர் அவர்களிடம் அனுமதி கேட்டோம். அவர் சரி என்றார். பிரேரணை செயலாளரிடம் இருக்கிறது. செயற்குழு ஆவணியில் கூடுகிறது.